பன்றிக்கறி, ஆப்பிள், கிழங்கு: ஸ்லோ குக்கரில் எது எப்போது?

கேட்டது இதுதான். மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கரைப் புதிதாக வாங்கியிருக்கிறீர்கள். கொழுப்பில்லாத நல்ல பன்றிக்கறியாகப் பார்த்து ஒன்றரைக் கிலோ வாங்கி, ஆப்பிள், காரட், உருளைக்கிழங்கு, அரை லிட்டர் ஆப்பிள் ஜூஸ் எல்லாவற்றையும் காலையில் ஒன்றாகப் போட்டு, ‘லோ’வில் எட்டு மணி நேரம் வைத்தீர்கள். சாயங்காலம் திறந்தால் கறி வறண்டு நார்நாராக இருக்கிறது. ஆப்பிள் இருந்த இடம் தெரியவில்லை. காரட் மட்டும் நறுக்கென்று கடிபடுகிறது. சாறு தண்ணீராக ஓடுகிறது, அதோடு திகட்டுகிற இனிப்பு. எங்கே தப்பு?

முதலில் கண்ணில் படும் தப்பு இரண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டது ஒன்று, பழத்தை இனிப்புக்காகப் போட்டது இன்னொன்று. இந்த மாதிரி ஸ்டூவில் பழத்தின் வேலை புளிப்பு கொடுப்பது. இனிப்பைக் காரட்டும் வெங்காயமும் கேட்காமலே கொண்டுவந்துவிடும். கொழுப்புள்ள கறியை நாக்கில் படிய விடாமல் அறுத்துவிடுகிற வேலைதான் பழத்துக்கு.

இந்தச் சமையல் வழிவழியாக நடக்கிற ஊர்களில் இதை யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள், செய்கையில் தெரியும். வட பிரான்சின் நார்மண்டி, திராட்சைக்குத் தோதில்லாத குளிர்ப் பகுதி. அங்கே ஆப்பிள்தான் எல்லாம். அதைப் புளிக்கவைத்தால் சைடர், சைடரை வடித்தெடுத்தால் கல்வடோஸ். பன்றிக்கறியை அவர்கள் வேகவைப்பது இனிக்காத சைடரில். தெற்கே லுவார் ஆற்றுப் பக்கம், தூர் நகரில், ப்ரூன் என்கிற உலர்ந்த பிளம் பழத்தைச் சேர்ப்பார்கள்; அதன் இனிப்பை மட்டுப்படுத்தக் கூடவே வூவ்ரே வெள்ளை ஒயின். வட ஜெர்மனியில் ஹாம்பர்க், ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் பகுதிகளில் கோடை முடியும் சமயத்தில் பேரிக்காய், பச்சை பீன்ஸ், புகையூட்டிய பன்றிக் கொழுப்புக்கறி மூன்றையும் ஒரே பானையில் வேகவைப்பார்கள். அதற்குப் பழுத்த பேரிக்காய் ஆகாது. பச்சையாகத் தின்ன முடியாத, கெட்டியான, சின்னச் சமையல் பேரிக்காயைக் காம்போடு முழுசாகப் போடுவார்கள்.

நம் பக்கத்திலும் கணக்கு இதேதான். குடகில் பந்திக்கறிக்குக் கச்சம்புளி. இலங்கையில் கறுப்புப் பன்றிக்கறிக்குக் கொறக்கா. இரண்டும் கொடம்புளி இனத்துப் பழத்திலிருந்து வருபவை. பன்றிக் கொழுப்பைக் கண்டதும் சமையல்காரர் கை எல்லா ஊரிலும் புளிப்பைத்தான் தேடியிருக்கிறது.

உங்கள் ஆப்பிள் ஜூஸுக்கு வருவோம். கடையில் விற்கிற சாதாரண ஆப்பிள் ஜூஸில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் பழத்தின் சர்க்கரையே அவ்வளவு. அரை லிட்டர் ஊற்றினால் 50 கிராம், அதாவது பத்து டீஸ்பூன் சர்க்கரையைக் கறியில் கொட்டியதற்குச் சமம். இனிக்காத சைடரில் அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று முடித்திருக்கும், புளிப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். மது வேண்டாம் என்றால் 150 மில்லி ஜூஸ், மீதிக்கு உப்பில்லாத எலும்புச் சாறு, இறக்கும்போது ஒரு மேஜைக்கரண்டி ஆப்பிள் சைடர் வினிகர். இதுவே போதும். இதற்கு மேல் தேன், நாட்டுச் சர்க்கரை என்று சில சமையல் குறிப்புகள் சொல்லும். என்னைக் கேட்டால் அவை எதுவும் வேண்டாம்.

அடுத்தது கறி. ‘கொழுப்பில்லாத நல்ல கறி’ என்றீர்கள், அது பெரும்பாலும் முதுகுப் பக்கத்து லாயினாக இருக்கும். பார்க்க அழகான கறி, விலையும் அதிகம், இதற்கு மட்டும் லாயக்கில்லை. தண்ணீருக்குள்ளேயே கிடந்தாலும் கறி வறளும். வெப்பம் 65 டிகிரியைத் தாண்டும்போது தசை இழைகள் சுருங்கி உள்ளே இருக்கிற சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். வெளியே எவ்வளவு சாறு இருந்தாலும் அது திரும்ப உள்ளே போகாது. அப்படியானால் நீண்ட நேரம் வெந்த கறி எப்படி மிருதுவாகிறது? சவ்வால். தசைகளுக்கு நடுவே ஓடுகிற வெள்ளைச் சவ்வில் கொலாஜன் இருக்கிறது. அது 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்ல, 80-ஐத் தாண்டினால் இன்னும் வேகமாக, ஜெலட்டினாக இளகும். பிழிந்துபோன இழைகளுக்கு நடுவே அந்த ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் படர்வதால்தான் வாயில் வைத்ததும் ஈரமாகத் தெரிகிறது. லாயினில் சவ்வும் இல்லை, கொழுப்பும் இல்லை. எட்டு மணி நேரத்துக்கு அதனிடம் தருவதற்கு ஒன்றுமில்லை.

கடையில் முன்கால் சப்பையைக் கேளுங்கள். வெட்டிய பக்கத்தைப் பார்த்தால் சிவப்புத் தசைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் வலை மாதிரி ஓட வேண்டும். ஒரே சிவப்பாக, ஒரே பாளமாக இருந்தால் வேறு துண்டு கேளுங்கள். எலும்போடு கிடைத்தால் இன்னும் நல்லது. தோல் இருந்தால் எடுத்துவிட்டு, மேல் கொழுப்பை அரை சென்டிமீட்டர் விட்டு மிச்சத்தை நறுக்கி எடுத்துவிடுங்கள். சரி, வெந்ததா என்று எப்படிப் பார்ப்பது? முள்கரண்டியைக் குத்தி லேசாகத் திருப்பினால் கறி எதிர்ப்பில்லாமல் பிரிய வேண்டும். பிரியாமல் ரப்பராக இழுத்தால் வேக்காடு போதவில்லை என்று அர்த்தம், அதிகமாகிவிட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு இறக்குகிறவர்கள்தான் அதிகம்.

இனி காரட். எட்டு மணி நேரம் வெந்தும் காரட் ஏன் நறுக்கென்று இருந்தது? இதற்குப் பதில் உங்கள் வீட்டுச் சாம்பாரிலேயே இருக்கிறது. காய் வெந்த பிறகுதான் புளியை ஊற்ற வேண்டும், முதலிலேயே ஊற்றினால் காய் வேகாது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதே கதை இங்கேயும். காய்கறியின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின், புளிப்பான சாற்றில் எளிதில் கரையாது. ஆப்பிள், சைடர், ஒயின், தக்காளி எல்லாமே புளிப்பு. நீங்கள் காரட்டை முதல் நிமிடத்திலிருந்து அதில் ஊறப்போட்டுவிட்டீர்கள்.

ஸ்லோ குக்கருக்கே உரிய சிக்கல் இன்னொன்றும் உண்டு. காரட், உருளை போன்றவற்றில் இருக்கும் ஒரு நொதி 50-லிருந்து 60 டிகிரி வாக்கில் சுறுசுறுப்பாகி, பெக்டினைக் கால்சியத்தோடு பிணைத்து இறுக்கிவிடும். அப்படி இறுகிய காய் பிறகு எவ்வளவு வெந்தாலும் லேசில் இளகாது. அடுப்பில் வைத்த பாத்திரம் அந்த வெப்பத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். ஸ்லோ குக்கரோ ‘லோ’வில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அங்கேயே உலாவும். ஊறுகாய் போடுகிறவர்களும் டப்பாவில் காய் அடைக்கிறவர்களும் இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள், காய் குழையாமல் இருப்பதற்கு. நமக்கு அது வேண்டாம்.

அதனால் கிழங்கு வகைகளை வெண்ணெயிலோ கறி வதக்கிய கொழுப்பிலோ எட்டு, பத்து நிமிடம் நன்றாகச் சூடேறும்வரை வதக்கிப் போடுங்கள். சாற்றைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். முதல் ஒரு மணி நேரம் ‘ஹை’. துண்டு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். காய் அடியிலும் ஓரத்திலும், கறி மேலே, ஏனென்றால் சூடு வருவது பாத்திரத்தின் சுவர்ப் பக்கத்திலிருந்து. ‘லோ’, ‘ஹை’ என்பது பலர் நினைப்பது போல் இரண்டு வெவ்வேறு வெப்பநிலை அல்ல. பெரும்பாலான குக்கர்களில் இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேரும், எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வேறு.

(இடையில் ஒரு வேடிக்கை. இந்தப் பாத்திரத்தை அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் இர்விங் நாக்சன். காப்புரிமை கிடைத்தது 1940-இல். லித்துவேனியாவின் வில்னாவில் தன் அம்மா யூதர்களின் சோலண்ட் என்கிற ஓய்வுநாள் உணவை வெள்ளிக்கிழமையே பேக்கரி அடுப்பில் கொண்டுபோய் வைத்து, இரவு முழுக்க அடங்கும் சூட்டில் வேகவிட்டதை இவருடைய அம்மா கதையாகச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்துதான் இவருக்கு யோசனை. 1970-இல் ரைவல் நிறுவனம் இவருடைய தொழிலை வாங்கி, அடுத்த ஆண்டு ‘க்ராக்-பாட்’ என்று பெயர் வைத்து விற்றது. பன்றி தின்னாதவர்களின் உணவிலிருந்து பிறந்த பாத்திரத்தில்தான் நாம் பன்றிக்கறி வேகவைக்கிறோம்.)

ஆப்பிள் விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. கறியோடு எட்டு மணி நேரம் கிடக்க வேண்டிய பொருள் அது அல்ல. ஒரு பாதி ஆப்பிளைத் துருவி முதலிலேயே போடுங்கள், அது கரைந்து சாற்றுக்கு உடம்பு கொடுக்கும். மற்றதைத் தோலோடு எட்டுத் துண்டாக வெட்டி, கடைசியில் வெண்ணெயில் இரண்டு பக்கமும் பொன்னிறமாக வறுத்து, இறக்குவதற்கு இருபது நிமிடம் முன்னால் மேலே வையுங்கள். கிரானி ஸ்மித் என்கிற பச்சை ஆப்பிள் நன்றாக நிற்கும், புளிப்பும் இருக்கும். கருஞ்சிவப்பு ரெட் டெலீஷியஸ் மாவாகிவிடும், புளிப்பும் இல்லை. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு பிராம்லி கிடைக்கும். அருமையான புளிப்பு, ஆனால் சூடு பட்டதுமே நுரைத்துக் கரையும். துருவிப் போடுவதற்கு அதுதான் முதல் தரம்.

சாறு தண்ணீரானதற்கு நீங்கள் ஊற்றிய அரை லிட்டர் மட்டும் காரணமில்லை. ஒன்றரைக் கிலோ கறி வேகும்போது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு எடையைச் சாறாக விட்டுவிடும், அதாவது அரைக்கிலோ வரை. மூடிய குக்கரில் ஆவியாகி எதுவும் வெளியே போகாது. அடுப்பில் செய்யும் குறிப்பை அப்படியே இதில் செய்தால் வெள்ளம்தான். ஆகவே 400 மில்லிக்கு மேல் எதுவும் ஊற்றாதீர்கள். கறி முழுகவில்லையே என்று பயப்பட வேண்டாம், இரண்டு மணி நேரத்தில் தானே முழுகும். ஒயின், சைடர் ஊற்றினால் முதலில் வாணலியில் பாதியாகச் சுண்டவிட்டு ஊற்றுங்கள். மூடிக்குள் மது ஆவியாகாமல் பச்சை வாடை அப்படியே நிற்கும்.

சரி, நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். ஆறு பேருக்கு. நார்மண்டி முறையில் கொஞ்சம் என் இஷ்டமும் கலந்தது.

ஒன்றரைக் கிலோ முன்சப்பையை மூன்று பெரிய பாளங்களாக வெட்டி, 18 கிராம் உப்பு தடவி, முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள் ஈரத்தைத் துடைத்து, கனமான வாணலியில் பாளம் பாளமாகவே இரண்டு பக்கமும் ஆழ்ந்த பழுப்பு வரும்வரை வறுக்க வேண்டும். சின்னத் துண்டுகளாக வெட்டி வறுத்தால் தண்ணீர் விட்டு, வறுபடாமல் அவியத் தொடங்கிவிடும். அந்தப் பழுப்பு 140 டிகிரிக்கு மேல்தான் வரும், குக்கருக்குள் எத்தனை மணி நேரம் ஆனாலும் வராது. வறுத்த பிறகு ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம்.

அதே கொழுப்பில் இரண்டு பெரிய வெங்காயம், 300 கிராம் காரட், 300 கிராம் செலரியாக் (செலரி வகையின் கிழங்கு) அல்லது டர்னிப், 400 கிராம் உதிராத வகை உருளைக்கிழங்கு. டர்னிப் கிடைக்காவிட்டால் நூக்கல் நன்றாகவே ஒத்துப்போகும். வெள்ளைக் காரட் மாதிரி இருக்கும் பார்ஸ்னிப் போடலாம்தான், அதுவும் இனிப்பு என்பதால் காரட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். பீட்ரூட் வேண்டாம், எல்லாம் ஒரே நிறமாகிவிடும். வதங்கியதும் காயைக் குக்கரின் அடியில் பரப்பி, வாணலியில் அரை லிட்டர் இனிக்காத சைடரை ஊற்றி, அடியில் ஒட்டிய பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துப் பாதியாகச் சுண்டவிட வேண்டும். பச்சையாகப் புளிப்பு அடிக்கிற வாசனை போய்ப் பழத்தின் வாசனை மட்டும் மேலெழும், அப்போது 150 மில்லி எலும்புச் சாறு சேர்த்துக் கொதித்ததும் இறக்கிவிடலாம். தைம் நாலு கொத்து, பே இலை ஒன்று, பத்து மிளகு, துருவிய பாதி ஆப்பிள். நம் பிரிஞ்சி இலை வேறு மரத்தினுடையது, பட்டை வாசனை அடிக்கும், இதற்குப் பொருந்தாது. இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒரு மணி நேரம் ‘ஹை’, அப்புறம் ஆறு, ஏழு மணி நேரம் ‘லோ’. நடுவில் திறந்து பார்க்கத் தோன்றும், திறக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இழந்த சூட்டைப் பிடிக்க அது அரை மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். ப்ரூன் பிடிக்கும் என்றால் கடைசி ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு. முடிந்ததும் சாற்றை வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, அகலமான வாணலியில் சுண்டவிட்டு, ஒரு மேஜைக்கரண்டி டிஜான் கடுகு விழுதைக் கலந்து திரும்ப ஊற்றுகிறேன். கிரீம் சேர்ப்பது நார்மண்டி வழக்கம். சேர்ப்பதானால் இந்தக் கட்டத்தில்தான், 100 மில்லி. முதலிலேயே ஊற்றினால் புளிப்பில் திரிந்துவிடும். உப்பைச் சுண்டிய பிறகு மட்டும் பாருங்கள்.

ஸ்லோ குக்கர் இல்லாதவர்கள் கனமான இரும்புப் பாத்திரத்தில் மூடி, 150 டிகிரி ஓவனில் இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம் வைக்கலாம். உண்மையைச் சொன்னால் ருசி இதில்தான் ஒரு படி மேல். சாறும் தானே சுண்டும்.

வேறு பழம் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சீமைமாதுளை என்கிற குவின்ஸ் கிடைத்தால் விடாதீர்கள். நீண்ட வேக்காட்டைத் தாங்கி, கரையாமல் இளஞ்சிவப்பாக மாறும் பழம் அது, முதலிலேயே போடலாம். அன்னாசியில் எச்சரிக்கை தேவை. சமைக்காத புது அன்னாசியிலுள்ள புரோமலைன் கறியைத் தின்னும் நொதி. ஸ்லோ குக்கர் மெதுவாகச் சூடேறும் நேரம் முழுக்க அது வேலை செய்து, கறியின் மேல்புறத்தைக் கூழாக்கிவிடும். டப்பா அன்னாசி ஏற்கெனவே சூடு பட்டது, அதில் இந்தத் தொல்லை இல்லை. மெக்சிகோவில் மஞ்சாமந்தேலெஸ் என்று ஒரு குழம்பு உண்டு. காய்ந்த மிளகாய் அரைத்த சாற்றில் கறியோடு அன்னாசி, சமையல் வாழை, சில வீடுகளில் சர்க்கரைவள்ளியும் சேரும். அவ்வளவு இனிப்பையும் மிளகாய் தாங்கிக்கொள்கிறது. ஆப்பிள் ஸ்டூவில் சர்க்கரைவள்ளி போடாதீர்கள் என்பேன். மெதுவாகச் சூடேறும்போது அதிலுள்ள மாவு மால்ட்டோஸ் சர்க்கரையாக மாறும். உங்கள் குக்கர் அதை வழக்கத்தைவிட இனிப்பாக்கிவிடும்.

பாதுகாப்பைப் பற்றிப் பன்றிக்கறி என்றாலே எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. அமெரிக்க விவசாயத் துறை 2011-இல் முழுத் துண்டு பன்றிக்கறிக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று அறிவித்தது. நம் ஸ்டூவில் கறி 90 டிகிரியைத் தொடுகிறது, எந்தப் புழுவும் மிஞ்சாது. மூளையைத் தாக்கும் நாடாப்புழு நோய்கூட நேரடியாகக் கறி தின்று வருவதில்லை. நாடாப்புழு உள்ள மனிதரின் கழிவு கலந்த தண்ணீர், கழுவாத காய் வழியாக முட்டைகள் உள்ளே போவதால் வருவது. நிஜமாகக் கவனிக்க வேண்டியது வேறு. உறைந்த கறியை நேராக ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். கிருமி பெருகும் வெதுவெதுப்பில் அது மணிக்கணக்கில் கிடக்கும். முழுக்கக் கரைந்த பிறகே போடுங்கள். கூடவே ராஜ்மா போடலாம் என்று தோன்றினால், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவைத்த பிறகுதான். பச்சை ராஜ்மாவின் நச்சை ஸ்லோ குக்கரின் சூடு அழிக்கும் என்று நம்ப முடியாது. மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் கொழுப்பு மேலே தட்டாக உறைந்திருக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம்.

இப்போது உங்கள் குக்கரில் கிடப்பதைக் கொட்ட வேண்டாம். சாற்றை வடித்து, அகலமான பாத்திரத்தில் பாதிக்கும் கீழே சுண்டவிடுங்கள். காரட்டையும் உருளையையும் பிரஷர் குக்கரில் வெறும் தண்ணீர் தெளித்து ஒரு விசில் விடுங்கள், புளிப்பிலிருந்து வெளியே வந்தால் இளகும். லாயினைத் துண்டாகவே வைத்திருந்தால் வறட்சி தெரியும். அதனால் இழை இழையாகப் பிய்த்து, சுண்டிய சாற்றில் இரண்டு மேஜைக்கரண்டி வெண்ணெயோடு புரட்டுங்கள். கடுகு விழுது ஒரு டீஸ்பூன். வினிகரை அரை டீஸ்பூன், அரை டீஸ்பூனாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ருசி பாருங்கள். இனிப்பு முன்னால் நிற்காமல் பின்னால் போகிற இடத்தில் நிறுத்திவிட்டு, நன்றாக வறுபட்ட ரொட்டியின் மேல் போட்டுச் சாப்பிடுங்கள்.